மூக்குக் குழாய் வழியே சாப்பாடு: வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பெரியவரை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லும்போது, மூக்கில் ஒரு குழாயும் கூடவே வருகிறது. கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்பது, முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது போன்றவை சிரமமாக இருந்தாலும் குடும்பத்துக்குப் புரிகிற வேலைகள். குழாய் அப்படியில்லை. காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று இந்தப் பக்கத்து வீடுகளுக்குச் செவிலியராகப் போய்வருகிற எனக்கு, முதல் நாள் அந்தக் குழாயைத் தொடும்போது கைகள் எப்படி நடுங்கும் என்று தெரியும். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். முகப்பிலிருந்து கடைசிக் கட்டுவரை நீண்டு கிடக்கும் வீட்டில், படுத்திருக்கும் ஐயாவுக்குத் துணையாக ஆச்சியும் பார்த்துக்கொள்ள வந்த ஒரு பெண்ணும் மட்டுமே இருப்பார்கள். அந்த இருவரையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பயம் ஒரு வாரத்தில் போய்விடும். அது போன பிறகு வருகிற அவசரம்தான் எனக்குக் கவலை தருகிறது. குழாய் இருக்கிறது, சிரிஞ்ச் இருக்கிறது, ஊற்றினால் உள்ளே போகிறது என்று ஆனதும், அது ஒரு மனிதர் சாப்பிடும் நேரம் என்பது மறந்துவிடுகிறது. சாப்பிடும் மனிதர் உட்கார வேண்டும். சாப்பாடு போகவேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். அதில் உடம்புக்கு வேண்டிய சத்து இருக்க வேண்டும். குழாய் விஷயத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய எல்லாமே இந்த மூன்றுக்குள் வந்துவிடும்.

குழாய் எங்கே போகிறது

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இதை ரைல்ஸ் டியூப் என்கிறார்கள். ஜான் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவர், வயிற்று நீரை எடுத்துச் சோதிப்பதற்காக 1921-இல் அறிமுகப்படுத்திய குழாய் இது. மூக்குத் துளையில் நுழைந்து, தொண்டையைக் கடந்து, உணவுக்குழல் வழியாக இறங்கி இரைப்பையில் முடிகிறது. நுனி மூடியிருக்கும், நுனிக்குச் சற்று மேலே பக்கவாட்டில் இருக்கும் துளைகள் வழியாகத்தான் உணவு வெளியேறும். பெரியவர்களுக்கு வழக்கமாக 14 அல்லது 16 எண் குழாய் போடுவார்கள். அந்த எண்ணை மூன்றால் வகுத்தால் குழாயின் வெளி விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 14 எண் என்றால் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளே இருக்கும் வழி அதைவிடக் குறுகல். கஞ்சி காய்ச்சும்போது இந்தக் குறுகலை நினைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டு வீட்டு வளவில் இரட்டை அறைக் கதவுகள் ஒரே மாதிரி அடுத்தடுத்து நிற்பதைப் போல, தொண்டையின் அடியில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் பக்கத்தில் பக்கத்தில் வாசல் வைத்திருக்கின்றன. நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சுக்குழல் தன் வாசலை மூடிக்கொள்கிறது. பக்கவாதத்திலோ, தலைக் காயத்திலோ, வேறு சில நரம்பு நோய்களிலோ அந்த மூடல் பிசகிவிடுகிறது. வாயில் கொடுத்த தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறுகிறது. அதைத் தவிர்க்கத்தான் குழாய் போடுகிறார்கள்.

ஆனால் குழாய் போட்டதோடு ஆபத்து தீர்ந்துவிடவில்லை. பலமான இருமல், வாந்தி, தூக்கத்தில் கை பட்டு இழுத்தல் என்று எதனாலும் குழாயின் நுனி மேலேறித் தொண்டைக்கோ மூச்சுக்குழலுக்கோ வந்துவிடலாம். நுனி சரியான இடத்திலேயே இருந்தாலும், ஆளை மட்டமாகப் படுக்கவைத்து ஊற்றினால் இரைப்பையில் உள்ளது மேலே எழும்பி வரும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: பக்கவாதம் வந்த சிலருக்கு உணவு நுரையீரலுக்குள் போனாலும் இருமல் வராது. ‘இருமவில்லை, அதனால் சரியாகத்தான் போகிறது’ என்று முடிவுகட்ட முடியாது.

ஊற்றுவதற்கு முன்னால்

இந்தப் பகுதியை மட்டுமாவது, பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

முதல் தடவை குழாய் போட்டதும் அது இரைப்பையில்தான் இருக்கிறது என்பதை எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்வதே மிக நம்பகமான வழி. வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன், மூக்குத் துவாரத்தின் விளிம்பில் குழாயில் எந்த அளவு நிற்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழாயின் மேல் 50, 60, 70 சென்டிமீட்டர் இடங்களில் கோடுகள் இருக்கும். எந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் மூக்கு விளிம்பு இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் அழியாத மையால் ஒரு கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். வீட்டில் ஒவ்வொரு வேளையும் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கோட்டை. அது மூக்கு விளிம்பை விட்டு வெளியே நகர்ந்திருந்தால் அந்த வேளை எதுவும் ஊற்றக் கூடாது. உள்ளே தள்ளிச் சரிசெய்யவும் கூடாது.

கோடு சரியாக இருந்தால் அடுத்து வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மூக்கருகே கோடு அப்படியே இருக்க, உள்ளே குழாய் மேலேறித் தொண்டையில் சுருண்டு கிடப்பது உண்டு.

மூன்றாவதாக, சிரிஞ்சைப் பொருத்தி மெதுவாக இழுத்துக் கொஞ்சம் வயிற்று நீரை எடுக்க வேண்டும். தெளிவாகவோ, இளம்பச்சையாகவோ, முன்பு கொடுத்த பால் திரிந்த நிலையிலோ அது வரலாம். அதில் ஒரு சொட்டை, அமிலத்தின் அளவை எண்ணாகக் காட்டும் பி.எச். தாளில் விட்டால் நிறம் மாறும். அமிலம் கூடுதலாக இருந்தால் எண் குறைவாக இருக்கும். டப்பாவில் உள்ள நிறப் பட்டியலோடு ஒப்பிட்டு, எண் 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நுனி இரைப்பையில் இருக்கிறது என்று கொள்ளலாம். பள்ளிக்கூடத்து லிட்மஸ் தாள் இதற்குப் போதாது. எண் காட்டும் தாள்தான் வேண்டும். சர்ஜிகல் கடையில் கேட்டு வாங்குங்கள். பால் கொடுத்த உடனே சோதித்தால் அமிலம் நீர்த்துப்போய் எண் கூடுதலாகக் காட்டும்; அதனால் அடுத்த வேளைக்குச் சற்று முன்பு சோதிப்பதே சரி. பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் எண் ஏறியே இருக்கும். அவர்களுக்கு எதை வைத்து முடிவெடுப்பது என்று டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே டாக்டரிடம் கேட்டுத் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இழுத்தால் எதுவும் வரவில்லையா? அவரை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் காற்றை அடித்துச் சத்தம் கேட்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதை நம்ப வேண்டாம். நுனி நுரையீரலிலோ உணவுக்குழலிலோ இருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றுப் பக்கம் கேட்கும். வெளி நுனியைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். ‘முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்ப்போம்’ என்பது எல்லாவற்றையும்விட மோசம். இடம் தெரியாத குழாயில் தண்ணீரும் ஆபத்துதான்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிற வீடுகளுக்கு ஒன்று: குழாய் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே ஊசி. ஊசி போட்டுவிட்டுக் குழாயைப் பார்க்க, அது வெளியே வந்து கிடந்தால், சாப்பாடு கொடுக்க வழியில்லாமல் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். அப்படி நேர்ந்தால் செவிலியருக்காகக் காத்திருக்காதீர்கள். சர்க்கரையைச் சோதித்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

உட்காரவைத்து ஊற்றுதல்

தலையும் நெஞ்சும் குறைந்தது 30 பாகை, முடிந்தால் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். ஊற்றும்போது மட்டும் போதாது. ஊற்றி முடித்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். தலைப்பக்கம் தூக்கக்கூடிய கட்டில் காரைக்குடியில் வாடகைக்குக் கிடைக்கிறது, எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தலையணைகளை அடுக்குவதைவிட மெத்தையின் கீழே சாய்வாகப் பலகை கொடுப்பது நல்லது. தலையணைகள் சரியும், கழுத்து மட்டும் மடங்கி நிற்கும். நம் வீடுகளில் இருக்கும் துணிச் சாய்வு நாற்காலி வசதியாகத் தோன்றும், ஆனால் அதில் உடம்பு நடுவில் குழிந்து வயிறு அமுங்குகிறது. எனக்கு அதில் சம்மதமில்லை.

கையை சோப்புப் போட்டுக் கழுவி, குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு, உள்தண்டு எடுத்த 50 மில்லி சிரிஞ்சைப் பொருத்துங்கள். முதலில் 30 மில்லி தண்ணீர். பிறகு உணவு. சிரிஞ்சைத் தலைக்குச் சற்று மேலே பிடித்தால் தானாக இறங்கும். கூடுதல் உயரம் கூடுதல் வேகம். வேகம் கூடினால் வயிறு உப்பும், வாந்தி வரும், பேதி ஆகும். 250 மில்லி இறங்க 15 முதல் 20 நிமிடம் ஆகட்டும். தண்டை வைத்து அமுக்கித் தள்ளாதீர்கள். சிரிஞ்ச் முழுதாகக் காலியாவதற்குள் அடுத்ததை ஊற்றிவிட்டால் காற்று உள்ளே போகாது. கடைசியில் மறுபடி 30 மில்லி தண்ணீர் விட்டு மூடியை மூடுங்கள்.

சிந்தினால் அப்போதே துடையுங்கள். ஆத்தங்குடித் தரையில் எண்ணெய் கலந்த கஞ்சி பட்டால் ஆச்சி வழுக்கி விழுவார். படுக்கையில் சிந்திய பாலுக்கு எறும்பு வரும். குழாயின் வாயிலும் தலையணை உறையிலும் எறும்பு மொய்த்திருந்து, நகர முடியாத மனிதர் சொல்லவும் முடியாமல் கிடந்ததை இந்தப் பக்கத்து வீடுகளில் பார்த்திருக்கிறேன். குழாயின் வாயை ஒவ்வொரு முறையும் ஈரத் துணியால் துடைத்து மூடுவது பெரிய வேலையில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஊற்றும்போது அவரிடம் பேசுங்கள். ‘ஐயா, பருப்புக் கஞ்சி கொடுக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பேச்சு வராதவர்கள் பலருக்குக் காது நன்றாகக் கேட்கும். விருந்தாளி வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி பரிமாறும் ஊர் இது. வீட்டின் மூத்தவருக்கு ஒரு சொல்லும் இல்லாமல் சாப்பாடு கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கஞ்சியில் என்ன இருக்கிறது

குழாய் போட்டவர்கள் வீட்டில் இளைத்துப்போவதற்கு, நான் பார்த்தவரை, நோயைவிடக் கஞ்சியே பெரிய காரணமாக இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1250 முதல் 1500 கலோரி வேண்டும். புரதம் 50 முதல் 60 கிராம். படுக்கைப் புண் இருந்தால் இன்னும் கூடுதல். காலை 6 மணியிலிருந்து இரவு 9 மணிவரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 250 மில்லி என்றால் ஆறு வேளை, ஒன்றரை லிட்டர். ஆகவே ஒவ்வொரு மில்லியிலும் ஒரு கலோரியாவது இருந்தால்தான் கணக்கு சரிவரும்.

இப்போது வெறும் அரிசிக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 25 கிராம் அரிசி போட்டுக் காய்ச்சினால் 90 கலோரி, 2 கிராம் புரதம். ஆறு வேளைக்கு 540 கலோரி, 12 கிராம் புரதம். தேவையில் பாதிகூட இல்லை. இதில் பாதி வேளைக்கு இளநீரும் பழச்சாறும் என்று வைத்தால் இன்னும் குறையும். வயிறு நிறைகிறது, நேரம் தவறாமல் கொடுக்கிறோம் என்று வீடு நிம்மதியாக இருக்கும். அந்த மனிதர் பட்டினியில் இருப்பார்.

சரி, கெட்டியாகக் காய்ச்சலாமே என்றால் குழாயில் இறங்காது. இந்தச் சிக்கலுக்கு நம் சமையலறையிலேயே வழி இருக்கிறது: முளைகட்டிய கேழ்வரகு. தானியம் முளைவிடும்போது மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி அதில் உருவாகிறது. முளைகட்டி, உலர்த்தி, அரைத்த கேழ்வரகு மாவில் ஒரு தேக்கரண்டியை, அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு சற்றுத் தணிந்த கெட்டிக் கஞ்சியில் கலந்து சில நிமிடம் விட்டால், கஞ்சி கண்ணெதிரே இளகி நீர்த்துவிடும். கொதிக்கும்போது போட்டால் நொதி செத்துவிடும், கஞ்சி இளகாது. இளகிய பிறகு ஒரு கொதி விட்டு இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். சத்தும் குறையாது, குழாயும் அடைக்காது. குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சிய கை உள்ள எந்த அப்பத்தாவுக்கும் இது கடினமில்லை.

ஒரு வேளைக்கு உதாரணம்: 150 மில்லி பால், 20 கிராம் மாவில் காய்ச்சிய கஞ்சி, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி எண்ணெய். சுமார் 250 கலோரியும் 6 கிராம் புரதமும் கிடைக்கும். இன்னொரு வேளைக்கு 25 கிராம் பாசிப்பருப்பு, 15 கிராம் அரிசி இரண்டையும் குக்கரில் குழைய வேகவைத்து, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்து மிக்ஸியில் நைய அரைத்து வடிகட்டலாம். முட்டை சாப்பிடும் வீடென்றால் நன்றாக வேகவைத்த முட்டையைச் சேர்த்து அரைத்தால் ஒவ்வொன்றுக்கும் 6 கிராம் புரதம் கூடும். பச்சை முட்டை வேண்டவே வேண்டாம். சைவ வீடுகளில் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் அந்த இடத்தை நிரப்பும். சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரையை விட்டுவிட்டு எண்ணெயும் பருப்பும் கூட்டிக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பருப்பு, பால், இளநீர் எல்லாமே அளவு பார்த்துத்தான். இளநீரில் பொட்டாசியம் அதிகம். அவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் தண்ணீரின் அளவையும் டாக்டரே சொல்ல வேண்டும். நாள்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தவருக்கு முதல் நாளே முழு அளவு கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் உப்புகள் சரிந்து இதயத்தைப் பாதிக்கும். படிப்படியாகக் கூட்டும் அட்டவணையை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள்.

உப்பு. நாக்கு தொடாத கஞ்சிக்கு உப்பு எதற்கு என்று போடாமல் விட்டுவிடுகிறார்கள். வாரக்கணக்கில் உப்பில்லாத கஞ்சியும் தண்ணீருமாக இறங்கினால் ரத்தத்தில் சோடியம் குறைகிறது. பெரியவர் மந்தமாகிறார், குழப்பமாகப் பேசுகிறார், வலிப்புகூட வரலாம். ‘நேற்றுவரை என்னை அடையாளம் தெரிந்தது’ என்று ஆச்சி அழும்போது நோய் முற்றிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றைப் பார்த்து ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு என்று டாக்டரிடம் கேட்டு, அளந்து போடுங்கள்.

கவுனி அரிசிக்கு இந்த வட்டாரத்தில் இருக்கும் மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் அதன் தவிடு அரைத்தாலும் துகளாக நிற்கும், குழாயை அடைக்கும். ஆடியில் கும்மாயம் கிண்டும்போது ஐயாவுக்கும் கொஞ்சம் கரைத்துக் கொடுக்கலாமே என்ற எண்ணம் வரும். உளுந்தும் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்து கம்மென்று இருப்பது நாக்குக்குத்தான் சுகம். குழாயில் அது பசையாக ஒட்டிக்கொள்ளும்.

செய்த உணவைச் சித்திரை வைகாசி வெயிலில் வெளியே வைத்தால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள். காலையில் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் அன்றைக்குள் தீர்த்துவிடுங்கள். வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து நன்றாகச் சூடாக்கி, கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு ஆறவைத்துக் கொடுங்கள். மின்சாரம் நெடுநேரம் போன நாளில் ஃப்ரிட்ஜில் இருந்ததைக் கொட்டிவிடுவதே நல்லது. பேதி ஆகும்போது பலர் உணவை நிறுத்துகிறார்கள். முதலில் சிரிஞ்சையும் மிக்ஸியையும் கழுவிய விதத்தைப் பாருங்கள்.

மருந்து

மாத்திரை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 மில்லி தண்ணீர் விட வேண்டும். கஞ்சியில் கலக்கக் கூடாது. எல்லா மாத்திரையையும் பொடிக்கவும் கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் அது நாள் முழுவதும் மெல்லக் கரைவதற்காகச் செய்தது. பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். வயிற்றில் கரையாதபடி மேல்பூச்சு உள்ளவையும் அப்படியே. பான்டோபிரசோல் மாத்திரை இந்த வகை. டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ முழுப் பட்டியலையும் காட்டி, சிரப்பாகவோ வேறு வடிவிலோ மாற்றிக் கேளுங்கள். வலிப்புக்கு ஃபெனிட்டோயின் கொடுத்தால், உணவோடு சேரும்போது அது உடம்பில் சரியாக ஏறாது. முன்னும் பின்னும் எத்தனை மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில்.

வாய்

வாயால் சாப்பிடாதவருக்குப் பல் துலக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். சாப்பிடுகிறவரைவிட இவருக்குத்தான் அவசியம். எச்சில் சுரப்பு குறைந்து, வாய் காய்ந்து, கிருமிகள் பெருகுகின்றன. அந்த எச்சில் நுரையீரலுக்குள் இறங்குவதாலும் நிமோனியா வரும். காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் பல், நாக்கு, ஈறு எல்லாவற்றையும் சுத்தம் செய்யுங்கள்; தண்ணீர் உள்ளே போகாமல் தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிழிந்த துணியால் துடையுங்கள். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய். மூக்கில் ஒட்டிய பிளாஸ்திரியைத் தினமும் மாற்றி, குழாய் ஒரே இடத்தில் அழுத்திப் புண்ணாகாதபடி கொஞ்சம் இடம் மாற்றி ஒட்டுங்கள். மாற்றும்போது ஒரு கை குழாயை விடாமல் பிடித்திருக்கட்டும்.

ஊரிலிருந்து உறவு வரும். பங்காளிகள் வருவார்கள், தாயபிள்ளைகள் வருவார்கள். ‘ஒரு வாய் காபி கொடுத்தால் என்ன, ஆசையாகப் பார்க்கிறாரே’ என்பார்கள். பிள்ளையார்பட்டியிலிருந்து பிரசாதம் வரும், தீர்த்தம் வரும். அன்பில் வருவதுதான் எல்லாம். ஆனால் விழுங்கும் பரிசோதனை முடியும்வரை வாயில் ஒரு கரண்டியும் கூடாது. தீர்த்தத்தில் பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றினால் போதும். திருநீறு நெற்றிக்கு இருக்கிறது. வீட்டுக்காரர்கள் சங்கடப்பட்டால், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.

அடைத்தால், வெளியே வந்தால்

குழாய் அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரை 50 மில்லி சிரிஞ்சில் எடுத்து, மெதுவாக உள்ளே விட்டும் இழுத்தும் பாருங்கள். சிறிய சிரிஞ்ச் வேண்டாம். அதில் அழுத்தம் அதிகமாகிக் குழாய் கிழியும். கம்பி விடுவதும் குளிர்பானம் ஊற்றுவதும் கூடாது. அரை மணி நேரம் முயன்றும் திறக்காவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

இழுத்துப்போடும் பழக்கம் இருந்தால் குழாயைக் கன்னத்தில் ஒட்டி, காதுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டையோடு சேர்த்துப் பொருத்துங்கள். இரவில் கைக்கு மெத்தென்ற உறை போடலாம். கட்டிலோடு கையைக் கட்டிவைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. கட்டினால் திமிறல்தான் கூடும். குழாய் வந்துவிட்டால் பயப்படாதீர்கள், நீங்களாகத் திரும்பப் போடவும் முயலாதீர்கள். பயிற்சி பெற்ற செவிலியரோ ஆஸ்பத்திரியோ செய்ய வேண்டிய வேலை அது. ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போவதால் பெரிய கேடு வராது. இன்சுலின் போட்டவர் மட்டும் விதிவிலக்கு.

ஊற்றும்போது இருமல் நிற்காமல் வந்தால், மூச்சு இரைத்தால், உதடு நீலம் பாய்ந்தால் அந்த நொடியே குழாயை மடித்துப் பிடித்து ஊற்றுவதை நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து 108-ஐ அழையுங்கள். இழுக்கும்போது காபித்தூள் நிறத்திலோ ரத்தமாகவோ வந்தாலும், காய்ச்சலோடு நெஞ்சில் சளிச் சத்தம் கேட்டாலும், வாந்தி நிற்காவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முந்தைய வேளைச் சாப்பாடு அப்படியே நிறையத் திரும்பி வந்து வயிறும் உப்பியிருந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். நேரம், மூக்கருகே கோடு, பி.எச். எண், கொடுத்தது என்ன, எவ்வளவு, சிறுநீர், மலம். கணக்கெழுதுவதில் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிங்கப்பூரிலிருந்து மகன் வீடியோவில் கேட்கும்போதும், டாக்டர் கேட்கும்போதும் அந்தப் பக்கம் பதில் சொல்லும். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

எவ்வளவு நாள்

சாதாரண பி.வி.சி. குழாய் குறுகிய காலத்துக்கானது. நாள் ஆக ஆக விறைத்துவிடும். சிலிக்கான், பாலியூரித்தேன் குழாய்கள் மென்மையானவை, கூடுதல் நாள் தாங்கும். போட்டிருப்பது எது, மாற்ற வேண்டிய தேதி எது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

நான்கு முதல் ஆறு வாரத்துக்கு மேல் குழாய் தேவைப்படும் என்று தெரிந்தால் ‘பெக்’ பற்றிக் கேளுங்கள். எண்டோஸ்கோப்பி உதவியோடு வயிற்றுச் சுவரில் சிறு துளையிட்டு, இரைப்பைக்குள் நேராகக் குழாய் வைக்கும் முறை அது. 1980-இலிருந்து மருத்துவ உலகம் அறிந்தது. வயிற்றைக் கிழிப்பதா என்று வீடு பதறுகிறது. ஆனால் மூக்கும் தொண்டையும் விடுதலையாகும், இழுத்துப்போடுவது குறையும். மறதிநோய் முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு எந்தக் குழாயும் ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. அவர்கள் விஷயத்தில், பொறுமையாகக் கையால் ஊட்டுவதா குழாயா என்பதை டாக்டரோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் திறன் சில வாரங்களில் திரும்புகிறது. யாரும் கேட்காததால் மட்டும் குழாய் மாதக்கணக்கில் தொடரும் வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் ‘விழுங்கும் பரிசோதனை எப்போது?’ என்று கேளுங்கள். பேச்சு மற்றும் விழுங்கு பயிற்சியாளர் வெவ்வேறு பதத்தில் சிறு அளவு கொடுத்துப் பார்த்து, எந்தப் பதம் பத்திரம் என்று சொல்வார். தண்ணீரைவிடச் சற்றுக் கெட்டியானது பலருக்கு முதலில் எளிதாக இருக்கும். வாயால் சாப்பிடத் தொடங்கிய உடனே குழாயை எடுத்துவிட மாட்டார்கள். தேவையான சாப்பாட்டில் பெரும்பகுதி சில நாட்கள் வாய் வழியாகவே, இருமலோ காய்ச்சலோ இல்லாமல், போகிறதா என்று நோட்டைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அதுவரை மீதியைக் குழாயில் கொடுத்துவாருங்கள்.